ஜீப்ரா ஃபின்ச் பெட்டை கூண்டின் தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது: நோயா, முட்டை அடைப்பா?

மணிச்சிட்டு | காலை 8.20

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு ஜோடி ஜீப்ரா ஃபின்ச் இருக்கின்றன. பெட்டைக்கு ஏறத்தாழ ஒரு வயதாகிறது. இந்த ஈட்டில், அதாவது இந்த முறை தொடர்ந்து இடும் முட்டைத் தொகுதியில், இதுவரை மூன்று முட்டைகள் இட்டிருக்கிறது. நாளுக்கு ஒன்றாக, விடிந்த சிறிது நேரத்துக்குள் இட்டுவிட்டு உடனே இரை தின்ன வந்துவிடுவது அதன் வழக்கம். இன்று காலை கூண்டின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கியபோது நான்காவது முட்டையைக் காணவில்லை; பெட்டையும் கூட்டில் இல்லை. கூண்டின் தரையில் ஒரு மூலையில், இறகுகளையெல்லாம் உப்பிக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி உட்கார்ந்திருந்தது. கால்கள் இரண்டையும் அகலமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழுமாக ஆடுகிறது. ஆண் பறவை மேலிருந்து கூப்பிட்டபோது ஒருமுறை மெல்லிய குரலில் பதில் கொடுத்தது, அதன்பின் கொடுக்கவில்லை. கீழ்க் குச்சிக்குத் தாவ முயன்று, பற்ற முடியாமல் மீண்டும் தரையிலேயே விழுந்தது.

வால் இப்படி ஆடுவது மூச்சுக் கோளாறின் அடையாளம் என்று படித்திருக்கிறேன். ஆகையால் இது சளி, உண்ணி போன்ற நோயா, அல்லது முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று மாலை வரை நன்றாகத் தின்றது, பறந்தது. இரை என்று பார்த்தால் தினை வகை விதைக் கலவையும் அவ்வப்போது கீரையும் தருகிறேன். கால்சியத்துக்காகக் கடல் நுரை (கணவாய் ஓடு) தொங்கவிட்டிருக்கிறேன். ஆனால் அதைக் கொத்துவதை நான் அதிகம் பார்த்ததில்லை. சென்ற ஈட்டு முட்டைகள் பொரியவில்லை என்பதால் எடுத்துவிட்டேன்; சில நாட்களிலேயே மறுபடியும் முட்டையிடத் தொடங்கிவிட்டது. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது, இப்போது உடனே என்ன செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தினைக்கதிர் | காலை 8.40

சகோதரி, நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் முட்டை அடைப்பாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அதை உறுதி செய்துகொண்ட பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். நோயானாலும் அடைப்பானாலும் முதல் வேலை ஒன்றுதான்: பறவையை வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது, பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரை இப்போதே தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொல்லிவிடுங்கள். 12 கிராம் எடையுள்ள உயிருக்கு மாலை வரை பார்க்கலாம் என்ற அவகாசம் கிடையாது. முட்டை அடைத்த ஃபின்ச் சில மணி நேரத்திலேயே இறந்துவிடக்கூடும்.

சிறிய கூண்டு ஒன்று இருந்தால் அதில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் காற்றுத் துளைகள் உள்ள அட்டைப்பெட்டி போதும். மூன்று பக்கம் துணியால் மூடி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெப்பம் வரும்படி செய்யுங்கள். சூடாகும் பழைய வகை குண்டு பல்பு, அல்லது துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி, எது கைவசம் இருக்கிறதோ அது. எல்.இ.டி. விளக்கு சூடு தராது. பறவைகளுக்கென்று அல்லாமல் பொதுவாக விற்கப்படும் சில வெப்ப விளக்குகளில், ஒட்டாத பாத்திரங்களில் இருக்கும் டெஃப்லான் பூச்சு போன்ற பூச்சு இருக்கும்; சூடேறியதும் அது வெளியிடும் ஆவி பறவைகளைக் கொன்றுவிடும், ஆகவே அவை வேண்டாம். பறவை உட்காரும் உயரத்தில் வெப்பமானி 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். பெட்டியின் மறு கோடி சற்றுக் குளிர்ச்சியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் அதுவே நகர்ந்துகொள்ளும். அலகைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகுகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள். ஈரத்துணி ஒன்றையோ, பறவை விழ முடியாதபடி வலையால் மூடிய வெந்நீர்க் கிண்ணத்தையோ உள்ளே வைத்தால் காற்றில் ஈரப்பதம் கூடும். குச்சி எதுவும் வைக்காதீர்கள். விதையையும் ஆழமில்லாத தட்டில் தண்ணீரையும் அதன் அலகுக்கு எட்டும் தூரத்தில் தரையிலேயே வையுங்கள். ஆண் பறவையின் குரல் கேட்கும் தூரத்தில் பெட்டி இருப்பது நல்லது. ஜோடியைப் பிரிந்த ஜீப்ரா ஃபின்ச் கலங்கிப்போகும்.

இனி, ஏன் அடைப்பு என்று நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். ஃபின்ச் முட்டை ஏறத்தாழ 1 கிராம் இருக்கும். தாயின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சினைப்பையிலிருந்து புறப்பட்ட மஞ்சள் கரு, முட்டைக் குழாய் வழியே வந்து வெளியேற ஒரு நாள் ஆகிறது. அந்த நேரத்தில் பெரும் பகுதி ஓடு உருவாவதிலேயே கழிகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பெட்டை தன் இரத்தத்திலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கிறது. அதே கால்சியம் இல்லாமல் முட்டைக் குழாயின் தசைகள் சுருங்கி விரியவும் முடியாது. ஆகவே கால்சியம் குறைந்தால் ஓடு மெலிந்து முட்டை வழுக்கிச் செல்லாமல் நிற்கிறது. அதைத் தள்ள வேண்டிய தசைக்கும் வலுவில்லாமல் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் நேற்று மாலை நன்றாக இருந்த பறவை இன்று காலை தரையில் கிடக்கிறது. சிக்கிய முட்டை கால்களுக்குச் செல்லும் நரம்புகளை அழுத்துவதால் குச்சியைப் பற்ற முடியவில்லை. நேற்று வரை ஒழுங்காக முட்டையிட்டது, இன்று முட்டை இல்லை, கால் அகன்றிருக்கிறது, திடீரென்று தளர்ந்தது: இந்த நான்கும் சேர்ந்து வருவது மூச்சு நோயில் வழக்கமில்லை.

ஒரே ஒரு முறை, சூடான அறையில், கையில் எடுத்துப் பாருங்கள். முதுகு உள்ளங்கையில் படிய, கழுத்து ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இருக்கட்டும். மார்பை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அடிவயிற்று இறகுகளை மெல்ல ஊதி விலக்கினால் மெல்லிய தோல் தெரியும். எச்சத்துவாரத்துக்குச் சற்று மேலே உருண்டையாகப் புடைத்திருந்தாலோ, துவாரம் சிவந்து வீங்கியிருந்தாலோ அடைப்புதான். புடைப்பு தெரியவில்லை என்பதால் முட்டை இல்லை என்று முடிவு செய்ய முடியாது; குழாயில் மேலே நின்றிருக்கலாம். பார்த்தவுடன் திரும்ப வைத்துவிடுங்கள். விரலால் அழுத்தித் தள்ளுவதோ, இழுப்பதோ, உள்ளேயே உடைப்பதோ வேண்டாம். உடைந்த ஓடு முட்டைக் குழாயைக் கிழித்துவிடும்.

மணிச்சிட்டு | காலை 9.25

மிக்க நன்றி. வெந்நீர்ப் புட்டி வைத்த பெட்டியில் மாற்றிவிட்டேன்; வெப்பமானி 30 காட்டுகிறது. நீங்கள் சொன்னபடி பிடித்துப் பார்த்தேன். அடிவயிற்றில் ஒரு பக்கமாகப் புடைப்பு தெளிவாகத் தெரிகிறது. துவாரத்தின் விளிம்பு சிவந்திருக்கிறது. வைத்ததும் சற்று நேரம் கண்ணைத் திறந்து பார்த்தது, ஓரிரண்டு விதைகளைக் கொத்தியது. மருத்துவர் முற்பகலுக்குள் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வீட்டில் இருக்கும் கால்சியம் மருந்தைத் தரலாமா? துவாரத்தில் எண்ணெய் தடவலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா?

நீலவானம் | காலை 9.50

வணக்கம். நல்ல எண்ணெயாக ஒரு துளி மட்டும் துவாரத்தின் விளிம்பில் பஞ்சால் தொடுவது சில வேளைகளில் உதவியதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் அதனால் கெடுதல் எதுவும் நேர்ந்ததில்லை. ஆனால் வெப்பமும் மருத்துவரும்தான் முக்கியம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நோயையும் அடைப்பையும் பிரித்தறிவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பெட்டை தேறி வந்தபிறகும் இது உங்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஃபின்ச் தன் நோயைக் கடைசி வரை மறைத்துக்கொள்ளும். கூட்டமாக வாழும் சிறு பறவை தளர்ச்சியை வெளியே காட்டினால் வேட்டைப் பறவைக்கு இலக்காகிவிடும். அந்த இயல்பு கூண்டிலும் மாறுவதில்லை. நீங்கள் கூண்டருகே போனதும் இறகைப் படிய வைத்து நிமிர்ந்து உட்காரும். நீங்கள் விலகியதும் மறுபடி உப்பிக்கொள்ளும். ஆகவே தினமும் சற்று நேரம் அறையின் மறு கோடியில், அது உங்களைக் கவனிக்காத இடத்திலிருந்து பார்த்துப் பழக வேண்டும். பகலில் இரண்டு காலையும் ஊன்றி, தலையை முதுகு இறகில் செருகித் தூங்கும் பறவை பெரும்பாலும் நோயுற்றது. நலமாக இருப்பது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிறிது கண்ணயரும். பக்கத்தில் ஒரு குரல் கேட்டால் உடனே விழித்துக்கொள்ளும்.

இரைத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதால் தின்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். நோயுற்ற ஃபின்ச் மணிக்கணக்கில் தட்டிலேயே இருந்து விதையை அலகில் உருட்டி, உமியை நீக்கி, பருப்பை விழுங்காமல் கீழே போட்டுவிடும். தட்டில் உமியோடு உரித்த பருப்பும் கிடந்தால் அது பட்டினி கிடக்கிறது. இதை உறுதி செய்ய எடைதான் வழி. 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று வைத்துக்கொண்டு, நலமாக இருக்கும்போதே வாரம் ஒருமுறை எடை எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அது அவசரம். 13 கிராம் இருந்த பறவை 11.7 கிராம் ஆவது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். தராசு இல்லாதபோது நெஞ்செலும்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை நிரம்பியிருக்க வேண்டும். நடு எலும்பு கத்தி முனையாக விரலில் தட்டுப்பட்டால் பல நாட்களாகவே உடல் இளைத்து வந்திருக்கிறது. முட்டை அடைத்த பெட்டையிடம் இந்த இளைப்பு பெரும்பாலும் இருக்காது. சதையோடும் எடையோடும் இருந்தபடியே திடீரென்று சரியும். வேறுபாட்டைக் காட்டுவதில் இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியாது.

அடுத்தது எச்சம். கூண்டுத் தரையில் வெள்ளைத் தாள் விரித்தால் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். கரும்பழுப்பு நிறத்தில் சுருண்ட கழிவு, அதன் மேல் வெள்ளைப் படலம், சுற்றிச் சிறிது தெளிந்த நீர்: இந்த மூன்றும் இருந்தால் நலம். வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலில் கோளாறு இருக்கலாம். கழிவு கரும்பச்சையாக, மிகக் குறைவாக இருந்தால் வயிற்றில் இரை இல்லை. செரிக்காத விதை அப்படியே வெளிவந்தால் இரைப்பையைத் தாக்கும் பூஞ்சைத் தொற்று உள்ளிட்ட பல காரணங்களை மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் முட்டையிடும் நாட்களிலும் அடை காக்கும் நாட்களிலும் பெட்டை காலையில் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிய எச்சமிடும். கூட்டுக்குள் எச்சமிடாமல் அடக்கி வைத்திருப்பதே காரணம். அதைக் கண்டு வயிற்றுப்போக்கு என்று மருந்து கொடுத்துவிட வேண்டாம்.

வால் ஆடுவது இரண்டிலும் வரும். அடைப்பில் முட்டை காற்றுப்பைகளை அழுத்துவதால் மூச்சு கடினமாகிறது. மூச்சுக்குழாயில் உண்ணி குடியேறினாலும் வால் ஆடும். ஆனால் அது வருவதற்குப் பல நாட்கள் முன்பிருந்தே பாட்டு குறையும், குரல் கரகரக்கும், அலகை அடிக்கடி குச்சியில் தேய்க்கும். இரவில் விளக்கை அணைத்து, அறை அமைதியானதும் கூண்டருகே காது வைத்தால் மூச்சுக்கு மூச்சு ‘டிக், டிக்’ என்ற மெல்லிய ஒலி கேட்கும். கோல்டியன் ஃபின்ச் வைத்திருப்பவர்கள் இந்த ஒலியை நன்றாக அறிவார்கள். அந்த இனத்தில் இந்த உண்ணி அதிகம். ஐவர்மெக்டின் போன்ற மருந்துக்கு இது கட்டுப்படும். ஆனால் அளவு ஒரு துளி கூடினாலும் இவ்வளவு சிறிய உடம்பு தாங்காது என்பதால், எடை பார்த்து மருத்துவர் கலந்து தருவதைத் தவிர வேறு எதையும் பயன்படுத்த வேண்டாம்.

முதுவேனில் | காலை 10.15

சகோதரி, நான் கால்நடை மருத்துவம் பயின்றவன். கூண்டுப் பறவைகளே என் பெரும்பாலான வேலை. இங்கே சொல்லப்பட்டவற்றில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் வேண்டாம். நீலவானம் அவர்களுக்கு அதனால் கெடுதல் நேராமல் இருந்திருக்கலாம். ஆனால் முட்டை நின்றிருப்பது துவாரத்தின் வாயிலில் அல்ல, அதற்கு உள்ளே. வெளி விளிம்பில் தடவும் துளி அங்கே போய்ச் சேருவதில்லை. அது சேரும் இடம் அடிவயிற்று இறகுகள்தான். எண்ணெய் பட்ட இறகு ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் காற்றைத் தேக்கி வைக்கும் திறனை இழக்கிறது. 41 டிகிரி உடல் வெப்பத்தைக் காப்பாற்றப் போராடும் ஒரு சிறிய பறவையிடமிருந்து நாமே அதன் போர்வையை உருவிவிட்டதாக ஆகிவிடும். மேலும், அதற்காக மறுபடி கையில் பிடிப்பதே இந்த நேரத்தில் ஓர் அதிர்ச்சி.

வீட்டிலிருக்கும் கால்சியம் மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். மனிதருக்கான மாத்திரையோ பாகோ அளவு தெரியாமல் தரக்கூடாது. பறவைகளுக்கென்று உள்ள திரவக் கால்சியம் உங்களிடம் இருந்தால், அதன் பெயரை மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லி அவர் கூறும் அளவை மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போது அலகைத் திறந்து உள்ளே ஊற்றாதீர்கள். தளர்ந்த பறவைக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அலகின் ஓரத்தில் ஒரு துளியைத் தொட்டு வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். குடிதண்ணீரில் கலந்து வைப்பதால் இப்போது பயனில்லை. அது எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாது.

மருத்துவரிடம் போகும்போது பெட்டியின் வெப்பம் குறையாமல் கொண்டு செல்லுங்கள். வழியில் குளிர்ந்துவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீணாகிவிடும். அங்கே பெரும்பாலும் முதலில் தோலுக்கடியில் நீரும் கால்சியமும் ஊசியாகச் செலுத்துவார்கள். பல பறவைகள் அதன்பின் வெப்பத்தில் வைக்கப்பட்டதும் தாமாகவே முட்டையை இட்டுவிடும். அப்படியும் வராவிட்டால், முட்டைக் குழாயின் வாய் தளர்ந்து, தசை சுருங்குவதற்கான மருந்து உண்டு. அதுவும் பலிக்காதபோது நுண்ணிய ஊசியால் முட்டையின் உள்ளீட்டை உறிஞ்சி எடுத்து ஓட்டைச் சுருங்கச் செய்வார்கள். மீந்த ஓட்டுத் துண்டுகள் பிறகு வெளியேறும். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. ஒன்றைக் கவனியுங்கள்: துவாரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை பிதுங்கி வந்தால் அதை உள்ளே தள்ள முயல வேண்டாம். மருத்துவ உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஈரமாகவே வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

நீலவானம் | காலை 10.25

ஐயா சொன்ன காரணம் ஏற்கத்தக்கது. எண்ணெய் பற்றி நான் எழுதியதைத் தவிர்த்துவிடுங்கள், சகோதரி.

மணிச்சிட்டு | மாலை 4.10

அனைவருக்கும் நன்றி. எண்ணெய் எதுவும் தடவவில்லை. மருத்துவர் பார்த்து, முட்டை கீழே வந்து நின்றிருக்கிறது என்று உறுதி செய்து, கால்சியமும் நீரும் ஊசியில் கொடுத்தார். எடை 13.4 கிராம் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அதே வெப்பத்தில் வைத்தேன். பிற்பகலில் பெட்டிக்குள் சலசலப்பு கேட்டுப் பார்த்தபோது முட்டை துணியின் மேல் கிடந்தது. மற்ற முட்டைகளைப் போல வழவழப்பாக இல்லை. ஒரு முனை மணல் தடவியது போலச் சொரசொரப்பாகவும், மறு முனை அழுத்தினால் குழியும் அளவு மென்மையாகவும் இருக்கிறது. பெட்டை இப்போது விதை தின்கிறது. கால்களில் இன்னும் சிறு தடுமாற்றம் உண்டு.

இனி என்ன செய்ய வேண்டும்? கூட்டில் இருக்கும் மூன்று முட்டைகளின் மேல் ஆண் அவ்வப்போது போய் உட்காருகிறது. பெட்டையை மீண்டும் அதனோடு விடலாமா? இப்படித் தொடர்ந்து முட்டையிடுவதை எப்படி நிறுத்துவது?

தினைக்கதிர் | மாலை 5.00

மனம் நிறைந்த மகிழ்ச்சி, சகோதரி. அந்த ஓட்டின் சொரசொரப்பும் மென்மையும் கால்சியம் தீர்ந்துபோனதைச் சொல்லிவிட்டன. ஆனால் ஆபத்து முழுதும் விலகிவிடவில்லை. ஒரு முட்டை வெளியேறியதும் அடுத்த கரு புறப்பட்டிருக்கக்கூடும். ஆகவே நாளையும் மறுநாளும் பெட்டியிலேயே, வெப்பத்திலேயே இருக்கட்டும். மருத்துவர் தந்த கால்சியத்தை அவர் சொன்ன நாள் வரை விடாமல் கொடுங்கள். வெப்பத்தைத் திடீரென்று நிறுத்தாமல் நாளுக்குச் சில டிகிரியாகக் குறையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி உப்பிக்கொண்டு, வயிறு வீங்கி, இரை வெறுத்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றறைக்குள் விழுந்து அழற்சி உண்டாக்குவது இத்தகைய பெட்டைகளுக்கு நேர்வதுண்டு. அப்போது புடைப்பு உருண்டையாகக் கெட்டியாக இராது. வயிறு முழுவதும் தளதளவென்று வீங்கியிருக்கும்.

கூட்டிலுள்ள முட்டைகளைப் பொறுத்தவரை, ஜீப்ரா ஃபின்ச்சில் ஆணும் பெட்டையும் மாறிமாறி அடை காக்கும் என்பது உண்மைதான். அடை சரியாகத் தொடங்காத முட்டை சில நாட்கள் கெடாமல் இருக்கவும் கூடும். ஆனாலும் இந்த ஈட்டைக் கைவிடுவதே சரி என்பது என் திடமான கருத்து. குஞ்சு பொரிந்தால் மூன்று வாரத்துக்கும் மேலாக அவற்றுக்கு இரை ஊட்ட வேண்டிய உழைப்பு வேறு வரும்; எலும்பிலிருந்த கால்சியத்தையும் இழந்து நிற்கும் பெட்டைக்கு அது தாங்காது.

அது ஏன் ஓயாமல் முட்டையிடுகிறது என்பதற்கு அதன் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை பெருகியதும் உடனே கூடு கட்டி, கிடைத்த நல்ல காலம் முடிவதற்குள் எத்தனை ஈடு முடியுமோ அத்தனையையும் வளர்த்துவிடும் வகையில் அதன் உடல் அமைந்திருக்கிறது. கூண்டில் விதையும் தண்ணீரும் ஒருநாளும் குறைவதில்லை. கூடும் எப்போதும் தயாராகத் தொங்குகிறது. அதன் உடலுக்கு அந்த நல்ல காலம் முடிவதே இல்லை. முட்டைகளை எடுத்துவிட்டால், ஈடு பறிபோயிற்று என்று எண்ணி அதை ஈடுகட்ட மறுபடியும் இடும். ஆண் இல்லாமல் தனியே வைத்த பெட்டைகூட முட்டையிடுவதுண்டு.

ஆகவே நிறுத்தும் வழி இதுதான். இப்போது பெட்டை வேறு பெட்டியில் இருப்பதால் கூடு, முட்டை, புல், பஞ்சு எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். இரைத் தட்டு ஆழமாக இருந்தால் அதையே கூடாக்கிக்கொள்ளும், தட்டையானதை வையுங்கள். விளக்கு வெளிச்சத்தை நாளுக்கு 10 மணி நேரமாகக் குறையுங்கள். முட்டைக் கலவை, ஊற வைத்த விதை, முளைவிட்ட விதை ஆகியவை இனப்பெருக்கத்தைத் தூண்டும்; பெட்டை எடை தேறிய பிறகு அவற்றை நிறுத்தி உலர்ந்த விதையும் அளவான கீரையும் மட்டும் கொடுங்கள். பின்னாளில் எப்போதாவது முட்டையிட ஆரம்பித்துவிட்டால் எடுக்காதீர்கள். ஈடு நிறையும் வரை கூட்டிலேயே விட்டு, குஞ்சு வேண்டாம் என்றால் அதே அளவுள்ள பொய் முட்டைகளை மாற்றி வையுங்கள். அடை காக்க உட்கார்ந்துவிட்டால் முட்டையிடுவது நிற்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துச் சலித்துத் தானே விட்டுவிடும். அப்போது கூட்டை அகற்றலாம்.

கடல் நுரையைக் கொத்துவதில்லை என்றீர்கள். பெரிய துண்டாகத் தொங்குவதைச் சில பறவைகள் அஞ்சும். கத்தியால் சுரண்டித் தூளாக்கித் தனிக் கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். கோழி முட்டை ஓட்டை 10 நிமிடம் கொதிக்க வைத்து, உலர்த்தி, கரகரவென்று பொடித்து வைத்தால் பெரும்பாலான பெட்டைகள் விரும்பித் தின்னும். விதையில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம் என்பதால் விதை மட்டுமே தின்னும் பெட்டைக்கு இது இல்லாமல் ஆகாது. தின்ற கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். கண்ணாடிச் சன்னல் வழியாக வரும் வெயில் அதற்கு உதவாது. வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. நிழலுக்கு ஒதுங்க இடம் வைத்து, பூனையும் காகமும் அண்டாத இடத்தில் நேரடி வெயிலில் சிறிது நேரம் கூண்டை வைக்கலாம். அது முடியாவிட்டால் பறவைகளுக்கான டி3 கலந்த கால்சியத்தை மருத்துவர் சொல்லும் அளவில் தரலாம். டி3 அளவு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் இரண்டு மூன்று சத்துப் பொடிகளைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மணிச்சிட்டு | மாலை 5.30

கூட்டை எடுத்துவிட்டேன். ஆண் கூண்டின் மூலையில் கீரைத் தண்டுகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறது. பெட்டை தேறியதும் இரண்டையும் எப்போது சேர்க்கலாம்?

முதுவேனில் | இரவு 7.05

கீரையைத் தண்டு நீக்கி, நறுக்கிக் கொடுங்கள். மீந்ததை உடனே எடுத்துவிடுங்கள். அடுக்க எதுவும் கிடைக்காவிட்டால் சில வாரங்களில் அந்த வேகம் தணியும். பெட்டை குச்சியில் உறுதியாக உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கித் தூங்கத் தொடங்கி, முட்டை வெளியேறியபின் இருக்கும் எடையை ஒரு வாரம் விடாமல் காப்பாற்றும் வரை தனியாகவே இருக்கட்டும். அதுவரை இரண்டு கூண்டுகளையும் ஒட்டி வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும். பிறகு கூடு இல்லாத கூண்டில் சேர்க்கலாம். சேர்த்தபின் இரண்டு வாரம் காலையில் எடை பாருங்கள். ஒரே இரவில் 1 கிராம் அளவுக்குக் கூடினால் முட்டை உருவாகிவிட்டது என்று பொருள். அன்றே வெப்பமும் கால்சியமும் தயாராக இருக்க வேண்டும். குஞ்சு எடுக்க விரும்பினால் குறைந்தது 6 மாதம் ஓய்வு கொடுத்து, அதற்குமுன் என்னைப் போன்ற ஒருவரிடம் காட்டி உடல்நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மறுமுறையும் அடைத்துக்கொண்டால் அந்தப் பெட்டையை இனி ஒருபோதும் இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம். இன்னொரு பெட்டையோடு துணையாக வைத்துக்கொள்ளலாம்.